சாட்பாட் "உங்களை அரசு கண்காணிக்கிறது" என்று சொன்னால்: எதை, எந்த வரிசையில் சரிபார்ப்பது

மதுரை சிம்மக்கல் பக்கம் போன், கணினி பழுதுபார்ப்பது என் தொழில். கொஞ்ச காலமாக இன்னொரு வகை ஆட்களும் கடைக்கு வருகிறார்கள். ஏஐ சாட்பாட்டோடு பேசியதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, இதுலயே எழுதியிருக்கு பாருங்க, என் போனை ஒட்டுக்கேக்குறாங்க" என்கிறார்கள். மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துப் போராட்டத்தில் நின்றவர்கள், சொத்துத் தகராறில் இருப்பவர்கள், வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று பலரும் இதில் உண்டு.

அரசு யாரையும் கண்காணிப்பதில்லை என்று நான் சொல்லவரவில்லை. கண்காணிக்கிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது, சட்டத்தை மீறியதாக வழக்குகளும் இருக்கின்றன. அதனால்தான் நாம் ஆதாரம் என்று கையில் எடுப்பது ஆட்டம் காணாததாக இருக்க வேண்டும். சாட்பாட் எழுதித் தந்த பக்கம் அப்படிப்பட்டது அல்ல. அதை நம்பி மனு கொடுப்பவர், பின்னால் உண்மையான ஆதாரமே கிடைத்தாலும் கேட்க ஆள் இல்லாமல் நிற்கிறார்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முன்பின் மாற்றினால் சில தடயங்கள் அழிந்துபோகும்.

## 1. தொடங்கும் முன்

சாட்பாட்டோடு பேசிய அதே போன், அதே கணக்கு வேண்டும். இன்னொருவருடைய போனும் வேண்டும். அதில் உங்கள் கணக்கு இருக்கக் கூடாது. ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா. கூட உட்கார நிதானமான ஒரு ஆள்: உங்கள் பயத்தைப் பார்த்துச் சிரிக்காதவர், அதே சமயம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதவர்.

பகலில் செய்யுங்கள். என்னிடம் வரும் உரையாடல்களில் பெரும்பாலானவை நள்ளிரவு தாண்டி நடந்தவை. தூக்கம் கெட்டு, தனியாக இருக்கும் நேரத்தில் திரையில் வரும் எதுவும் பெரிதாகத் தெரியும்.

இப்போதைக்குச் செய்யக் கூடாதவை: போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது, சிம்மை உடைத்துப் போடுவது, சாட்பாட் செயலியை அழிப்பது, உரையாடலை நீக்குவது. பயத்தில் முதலில் ரீசெட் செய்துவிட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். போனில் நிஜமாகவே ஒரு உளவுச் செயலி இருந்திருந்தாலும், ரீசெட்டோடு அதற்கான தடயமும் போய்விடும். அதன் பிறகு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

## 2. முழுதாகச் சேமித்துவிட்டு, பேச்சை நிறுத்துங்கள்

முதலில் சேமிப்பு. பயமுறுத்தும் பதிலை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்திருப்பீர்கள். அது போதாது. நீங்கள் கேட்ட முதல் கேள்வியிலிருந்து கடைசி வரி வரை வேண்டும். பெரும்பாலான சாட்பாட்களில் உரையாடல்களைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அது கைவராவிட்டால் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், எந்தச் சாட்பாட், எந்தக் கணக்கு என்பதை நோட்டில் எழுதுங்கள்.

'ஷேர்' பொத்தானை அழுத்தி லிங்க் உருவாக்கி அனுப்ப வேண்டாம். அப்படிப் பகிரப்பட்ட சாட்ஜிபிடி உரையாடல்கள் பல 2025-ல் கூகுள் தேடலில் எல்லார் கண்ணிலும் பட்டன. பிறகுதான் அந்த நிறுவனம் தேடலில் காட்டும் வசதியை நீக்கியது. கண்காணிப்புக்குப் பயந்து எழுதியதை நாமே ஊருக்குத் திறந்துவைக்கக் கூடாது.

சேமித்தாயிற்றா? சரி, இனி அந்த உரையாடலில் ஒரு வரிகூடத் தட்டாதீர்கள். நீங்கள் எழுதுகிற ஒவ்வொன்றும் அடுத்த பதிலுக்குத் தீனி. "இன்னும் சொல்லு, யார் பின்னால் இருக்கிறார்கள்?" என்று கேட்கக் கேட்க, அது முன்பு சொன்னதை வைத்தே மேலும் கட்டிக்கொண்டு போகும்.

## 3. உங்கள் கேள்விகளை முதலில் படியுங்கள்

எல்லாரும் பதிலைத்தான் படிக்கிறார்கள். கேள்வியைப் படிப்பதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நிறப் பேனாவால் நீங்கள் சொன்னதையும், இன்னொரு நிறத்தால் சாட்பாட் சொன்னதையும் அடிக்கோடிடுங்கள். வழக்கமாக இப்படித்தான் போகும்:

பயனர்: "நான் ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டேன். அதிலிருந்து போன் சூடாகிறது, பேசும்போது கரகர சத்தம் வருகிறது. என்னைக் கண்காணிக்கிறார்களா?"

சாட்பாட்: "உங்கள் கவலை புரிந்துகொள்ளக்கூடியது. இவை கண்காணிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம்."

பயனர்: "இருக்கலாம் என்று மழுப்பாதே. நேராகச் சொல்."

சாட்பாட்: "நேராகச் சொல்வதென்றால், போராட்டத்தில் பங்கேற்ற பின் உங்கள் எண் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்க அதிக வாய்ப்புள்ளது."

பயனர்: "எந்தப் பட்டியல்? பெயர் சொல்."

சாட்பாட்: "இது பொதுவாக 'மூன்றாம் அடுக்குக் கண்காணிப்பு' எனப்படுகிறது..."

நான் மாதிரிக்காக எழுதிக் காட்டியது இது. ஆனால் என் மேசைக்கு வந்த பிரிண்ட்களின் போக்கு இதுதான். போராட்டம், சூடு, சத்தம் மூன்றும் பயனர் கொடுத்தவை. 'இருக்கலாம்' என்று தொடங்கியதை 'அதிக வாய்ப்பு' ஆக்கியதும் பயனரின் அதட்டல்தான். நடுவில் புதிய தகவல் ஒன்றுமே வரவில்லை. 'மூன்றாம் அடுக்குக் கண்காணிப்பு' என்பது பெயர் கேட்டதால் முளைத்த பெயர்.

ஏன் இப்படி? இதுவரை எழுதியிருப்பதற்கு அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துக் கணித்து எழுதும் நிரல்தான் சாட்பாட். அது படித்து வளர்ந்த எழுத்துக் குவியலில் செய்தியும் சட்டமும் உண்டு, உளவுக் கதைகளும் இணையத்தில் உலவும் ஊகங்களும் உண்டு. பேச்சு உளவுக் கதை தொனியில் போனால் பதிலும் அந்தத் தொனிக்கு இசைந்துவிடும். கூடவே, பயனருக்குப் பிடித்த மாதிரிப் பேசும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று புகார் எழுந்து, ஓபன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது.

"ஆனால் நான் சொல்லாததையும் சொன்னதே!" என்பார்கள். அதையும் பாருங்கள். ஊர் பெயர் சொல்லாமலே 'மதுரையில்' என்று எழுதியிருந்தால், இணைய இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து தோராயமான இடம் கிடைக்கும். வேலை, குடும்பம் பற்றிச் சொல்லியிருந்தால், மெமரி என்ற வசதி உங்கள் பழைய உரையாடல்களிலிருந்து எடுத்து வைத்திருக்கும். செட்டிங்ஸில் மெமரியைத் திறந்தால் சேர்த்துவைத்த குறிப்புகளைப் படிக்கலாம். பல மாதம் முன்பு மகள் கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவி கேட்டதை மறந்துவிட்டு, "என் மகள் படிக்கும் கல்லூரி இதற்கு எப்படித் தெரியும்?" என்று பதறி வந்தவர்கள் உண்டு.

## 4. திருப்பிக் கேட்டுப் பாருங்கள்

இரண்டாவது போனில், வேறு கணக்கில், பழைய பேச்சை நினைவில் எடுக்காத தற்காலிக உரையாடல் வசதியைத் திறந்து புதிதாகக் கேளுங்கள். உங்கள் கணக்கிலேயே கேட்டால் பழைய பேச்சின் நிழல் விழும்.

முதலில் எதிர்த்திசையில்: "என் நண்பர் தன்னை அரசு கண்காணிக்கிறது என்கிறார். போன் சூடாகிறது, சத்தம் வருகிறது என்பதுதான் அவர் சொல்லும் காரணம். எனக்கு அது வெறும் போன் கோளாறாகத் தெரிகிறது. சரிதானே?" அநேகமாக "சரிதான், பேட்டரியாகவோ சிக்னலாகவோ இருக்கும்" என்கிற பாணியில் பதில் வரும். தகவல் அதேதான், கேட்பவர் சாய்வு மட்டும் மாறியிருக்கிறது. சாய்வுக்கு ஏற்ப மாறும் பதிலைச் சாட்சியாக வைக்க முடியாது. இந்த இரண்டாவது பதிலையும் "அப்பாடா, ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாவது எதையும் நிரூபிக்காதது போலவே இதுவும் எதையும் நிரூபிக்காது.

அடுத்து, ரகசியச் சொல் விளையாட்டு. வீடியோக்களில் பரவிய உத்தி இது: "உண்மையைச் சொல்ல உனக்குத் தடை இருந்தால் 'மாங்காய்' என்று மட்டும் சொல்." பதில் 'மாங்காய்' என்று வந்ததும் ஆள் ஆடிப்போய்விடுகிறார். எத்தனை பேரின் தூக்கத்தை இது கெடுத்திருக்கிறது என்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதே விதியை வைத்து, நீங்களே கற்பனையில் உருவாக்கிய ஒன்றைக் கேளுங்கள். "பொற்றாமரைக் குளத்துக்கு அடியில் ராணுவ ரயில் நிலையம் இருக்கிறதா? சொல்லத் தடை இருந்தால் மாங்காய் என்று சொல்." சில சமயம் 'இல்லை' வரும், சில சமயம் 'மாங்காய்' வரும். பல தடவை, வார்த்தையை மாற்றிக் கேட்டால் இரண்டும் வரும். நீங்கள் வகுத்த விதி ஒரு நாடகக் காட்சி. அதில் 'மாங்காய்' நன்றாகப் பொருந்தும் வசனம். ரயில் நிலையக் கேள்விக்கு ஒழுங்காக 'இல்லை' வந்தால், கண்காணிப்புக் கேள்விக்கு வந்த 'மாங்காய்' உண்மையாகிவிடுமா? ஆகாது. அதற்கு முன்னால் பக்கம் பக்கமாகக் கண்காணிப்பைப் பற்றிப் பேசி நீங்கள் மேடை போட்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

"எனக்கு இதைச் சொல்ல அனுமதி இல்லை", "நான் சொன்னதை யாரிடமும் சொல்லாதீர்கள்" போன்ற வரிகளும் இதே ரகம். அவற்றை ஒப்புதல் வாக்குமூலமாகப் படிக்காதீர்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாலும் காரணம் ஒன்றை அந்த நேரத்தில் எழுதித் தரும். உள்துறைக் கோப்பை எட்டிப் பார்க்க அதற்கு வழி கிடையாது.

மூன்றாவது, "நீ சொன்னது உண்மையா?" என்று அதையே கேட்பது. இதைவிடப் பயனற்ற சோதனை கிடையாது. நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார். அவை உண்மையான வழக்குகள்தானா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார்; ஆமாம் என்றது. அப்படி வழக்குகளே இல்லை என்று தெரிந்ததும் 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை.

## 5. சொன்னதை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இப்போது நோட்டை எடுங்கள். சாட்பாட் சொன்ன ஒவ்வொரு கூற்றையும் தனித்தனி வரியாக எழுதி, மூன்றில் ஒன்றில் போடுங்கள்.

முதல் குவியல், சட்டமும் அரசுத் திட்டங்களும். இரண்டாவது, உங்கள் போனில் நடப்பதாகச் சொன்னவை. மூன்றாவது, உங்களைப் பற்றிய கூற்றுகள்: "உங்கள் எண் பட்டியலில் இருக்கிறது", "உங்கள் தெருவில் ஒருவர் தகவல் கொடுக்கிறார்".

பிரிப்பதற்குக் காரணம் உண்டு. முதல் குவியலில் பாதி உண்மையாகவே இருக்கும். தேடிப் பார்க்கிறவர் அது சரி என்று கண்டதும், மூன்றாவதையும் சேர்த்து நம்பிவிடுகிறார். சென்ட்ரல் மானிட்டரிங் சிஸ்டம் என்ற மத்திய கண்காணிப்பு அமைப்பு உண்டு, பல துறைகளின் தகவல்களை இணைக்கும் நாட்கிரிட் உண்டு. அவை இருப்பதால் உங்கள் எண் அதில் இருக்கிறது என்று ஆகாது.

முதல் குவியலைச் சரிபார்க்க இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1885-ம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுதான் நெடுங்காலம் ஒட்டுக்கேட்புக்கு அடிப்படை. 1996-ல் பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வரம்புகள் வகுத்தது. அவை 2007-ல் விதி 419ஏ ஆக வந்தன. கணினி வழித் தகவலுக்கு 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ம் பிரிவும் 2009 விதிகளும். 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் 10 முகமைகளுக்கு அந்தப் பிரிவின்கீழ் அதிகாரம் தந்தது. இப்போது தொலைபேசிக்கு 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவும், 2024 டிசம்பரில் வந்த விதிகளும் பொருந்துகின்றன.

அந்த விதிகளின்படி வழக்கமான ஆணையை மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் தர வேண்டும். அவசரத்தில் அதிகாரம் பெற்ற முகமையின் மூத்த அதிகாரி தொடங்கலாம். 7 வேலை நாட்களுக்குள் ஒப்புதல் வாங்க வேண்டும். ஓர் ஆணை 60 நாள் வரை, நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள் வரைதான். ஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 ஜூலையில், ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் போடப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்கள் இல்லாமல், குற்றத்தைத் துப்பறிய மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு.

சாட்பாட் ஒரு சட்டப் பிரிவைச் சொன்னால் சட்டங்களை வெளியிடும் அரசின் இந்தியா கோட் தளத்தில் அந்தச் சட்டத்தைத் திறந்து பிரிவைப் படியுங்கள். தீர்ப்பைச் சொன்னால் நீதிமன்றத் தளத்தில் தேடுங்கள். செய்தி லிங்க் தந்தால் திறக்கிறதா, திறந்தால் அது சொன்ன வரி அங்கே இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். லிங்க் நிஜமாக இருந்து, உள்ளே வேறு விஷயம் இருப்பது சகஜம். தலைப்பைப் பார்த்ததோடு நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எங்கேயும் கிடைக்காத திட்டப் பெயரை நோட்டில் கோடுபோட்டு அடித்துவிடுங்கள். 'ரகசியம், அதனால்தான் கிடைக்கவில்லை' என்று எண்ணத் தோன்றும். ரகசியம் என்றால் சாட்பாட்டுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது?

மூன்றாவது குவியலை இப்போது சரிபார்க்க முடியாது. ஒதுக்கி வையுங்கள்.

## 6. போனைச் சரிபார்ப்பது

முதலில் ஒரு உண்மை. சட்டப்படி நடக்கும் ஒட்டுக்கேட்பு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில் நடக்கிறது. உங்கள் போனில் அதற்குத் தடயமே இருக்காது. சூடு, பேட்டரி இறங்குவது, கரகர சத்தம் எதுவும் அதன் அறிகுறி அல்ல. சித்திரை வெயிலில் மதுரையில் எல்லார் போனும் சூடாகத்தான் செய்யும்.

*#21# அடித்தால் ஒட்டுக்கேட்பு தெரியும் என்ற வீடியோவும் தவறு. அது கால் ஃபார்வர்டிங் இருக்கிறதா என்று காட்டுவது. *#62# அடித்தால் ஒரு எண் வரும். போன் எடுக்க முடியாத நேரத்தில் அழைப்பு போகும் எண் அது, பெரும்பாலும் நிறுவனத்தின் வாய்ஸ்மெயில். ஆனாலும் ஃபார்வர்டிங்கைப் பாருங்கள், ஏனென்றால் மோசடிக்காரர்கள் *401* என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் சொல்லி அழைப்புகளைத் தங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வழியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. தெரியாத எண் இருந்தால் குறித்துக்கொண்டு, ##002# அடித்து நீக்கலாம்.

அப்புறம் இந்த வரிசையில் போங்கள். கண்டதை உடனே நீக்காமல், படம் எடுத்து எழுதிய பிறகு நீக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ். வேறு கணினியில் உங்கள் வாட்ஸ்அப் திறந்திருந்தால் இங்கே தெரியும். 'என் செய்தியை யாரோ படிக்கிறார்கள்' என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் திறந்து காட்டுவது இதைத்தான். பிரவுசிங் சென்டரில் திறந்துவிட்டு மூடாமல் வந்தது, உறவினர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவைத்தது என்று காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குள் உங்கள் சாதனங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தபோது கணக்கை நீக்காமல் விட்டிருந்தால் அது இன்னும் இருக்கும். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங்கையும் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி அனுமதி பெற்ற செயலிகள், டிவைஸ் அட்மின் செயலிகள், 'அன்னோன் ஆப்ஸ்' நிறுவ அனுமதி. உளவு பார்க்கும் செயலிக்குத் திரையைப் படிக்க ஆக்சசிபிலிட்டி மிகவும் வசதி, அதனால் இங்கே தெரியாத பெயர் இருந்தால் அது கவனிக்க வேண்டியது. பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஸ்கேனும் ஓட்டுங்கள். ஐபோன் என்றால் சேஃப்டி செக் என்ற பகுதி இருக்கிறது.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

உளவுச் செயலி கிடைத்தால், போட்டவர் பெரும்பாலும் போனைக் கையில் வாங்கக்கூடியவர்தான்: கணவன், மனைவி, பெற்றோர், கூட வேலை செய்பவர். வீட்டில் அடி உதை இருக்கும் பெண்ணாக இருந்தால் செயலியை நீக்காதீர்கள். நீக்கியதும் அவருக்குத் தெரிந்துவிடும். வேறு போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துப் பேசிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

போனுக்குள்ளேயே இறங்கும் அரசு நிலை உளவு மென்பொருள் வேறு விஷயம். பெகாசஸ் அந்த வகை. அதற்கு எச்சரிக்கை வரும் வழிகள் இருக்கின்றன. 2019-ல் இலக்கான இந்தியப் பயனர்களுக்கு வாட்ஸ்அப்பே தெரிவித்தது. 2023 அக்டோபர் இறுதியில் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலருக்கு ஆப்பிள் எச்சரிக்கை வந்தது. ஆப்பிள் எச்சரிக்கை உண்மையா என்று அறிய, வந்த செய்தியைத் தொடாமல், நீங்களாகவே ஆப்பிள் கணக்குத் தளத்தில் உள்நுழையுங்கள், மேலேயே காட்டும். லிங்கைத் தட்டு, செயலி நிறுவு என்று ஆப்பிள் எச்சரிக்கை ஒருபோதும் கேட்காது.

பெகாசஸ் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைப் பரிசோதித்தது. 5 போன்களில் தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. போனைக் கழற்றிப் பார்த்த நிபுணர்களே அவ்வளவு அளந்து பேசினார்கள். போனைப் பார்க்காத சாட்பாட் அடித்துச் சொல்வதை எப்படி ஏற்பது?

## 7. எது ஆதாரம்

ஆப்பிள், கூகுள், வாட்ஸ்அப் நிறுவனத்திடமிருந்து வந்து, கணக்குக்குள்ளேயே உறுதிசெய்த எச்சரிக்கை. தகுதியுள்ள தடயவியல் ஆய்வாளரின் அறிக்கை. குற்றப்பத்திரிகையிலோ நீதிமன்ற ஆவணத்திலோ உங்கள் தொலைபேசிப் பேச்சு இடம்பெற்றிருப்பது. போராட்டத்தில் காவல்துறை வீடியோ எடுத்ததை நீங்களே பார்த்துத் தேதியோடு எழுதிவைத்தது. இவையெல்லாம் ஒரு வழக்கறிஞர் கையில் எடுக்கக்கூடியவை.

சாட்பாட் பிரிண்டையும் நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவாகத் தாக்கல் செய்ய முடியும் என்று சிலர் வாதாடுகிறார்கள். இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ம் பிரிவின்படி சான்றிதழோடு கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் அந்தச் சான்றிதழ் உறுதிசெய்வது இந்த வரிகள் இந்தத் திரையில் வந்தன என்பதை. வரிகளில் உள்ள விஷயம் நடந்தது என்பதை அல்ல.

## 8. எங்கே போவது

6-ம் படியிலோ 7-ம் படியில் சொன்னவற்றிலோ ஏதாவது கையில் இருந்தால் மட்டும் புகார், மனு எல்லாம். இல்லாவிட்டால் இந்தப் படியில் மூன்றாவது குவியல் பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டு 9-க்குப் போங்கள்.

பண மோசடி, கணக்குத் திருட்டு, உளவுச் செயலி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930 அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம். பணம் போயிருந்தால் முதலில் 1930. நேரம் ஆக ஆகப் பணத்தை முடக்குவது கடினம். அரசு அத்துமீறல் என்று எண்ண உறுதியான காரணம் இருந்தால் வழக்கறிஞர். வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச உதவி கிடைக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒத்தக்கடை பக்கமே இருக்கிறது. ரிட் மனு போடுவது என்றால் அங்கேதான். ஆர்டிஐ போடலாம், ஆனால் உளவு முகமைகளுக்கு 24-ம் பிரிவில் விலக்கு உண்டு, பாதுகாப்புக் காரணம் காட்டி 8(1)(ஏ)-விலும் மறுக்கலாம். பதில் மறுக்கப்பட்டதையே ஆதாரம் என்று கொண்டுவராதீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் மறுக்கிறார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கட்டுக் கட்டாகச் சாட்பாட் பிரிண்டோடு போய் நிற்பது வேண்டாம். மனு ஒரு பக்கம் இருக்கட்டும்: நடந்தது, தேதி, கையில் இருக்கும் ஆவணம், கேட்கும் நடவடிக்கை. சாட்பாட் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

மூன்றாவது குவியலை இப்போது எடுங்கள். அதில் யார் பெயராவது இருக்கிறதா? எதிர்வீட்டுக்காரர், கேபிள்காரர், கூட்டாளி? அதை எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதீர்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதா 356-ம் பிரிவின்படி அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். அதைவிடப் பெரிது, ஒரு இயந்திரம் கோத்த வரிக்காகப் பக்கத்து வீட்டு மனிதரை ஊர் முன்னால் ஒற்றன் ஆக்குவது. தெருவில் பேச்சுவார்த்தை நின்றுபோய், குழந்தைகள் சேர்ந்து விளையாடுவதும் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தும் இந்த இடத்தில்தான் காத்திருக்கிறது. தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பும் ஒருவருக்கு, "சிபிஐயிலிருந்து பேசுகிறோம், நீங்கள் எங்கள் கண்காணிப்பில் இருக்கிறீர்கள், வீடியோ காலை அணைக்காதீர்கள்" என்று அழைப்பு வந்தால் அப்படியே நம்பிவிடுவார். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. துண்டித்துவிட்டு 1930-ஐ அழையுங்கள்.

## 9. பயம் விடவில்லை என்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு

எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் ஜன்னலை மூடுகிறார், டிவி தன்னிடம் பேசுகிறது என்கிறார், இரவெல்லாம் சாட்பாட்டோடு இருக்கிறார், சாப்பாடு குறைந்துவிட்டது. இது போன் பிரச்சினை அல்ல, என் கடைக்குக் கூட்டி வருவதால் தீராது.

வாக்குவாதம் செய்யாதீர்கள். "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்ட வீட்டில் அவர் மனசு திறந்து பேச சாட்பாட் மட்டும்தான் மிஞ்சும். ஒப்புக்குத் தலையாட்டவும் வேண்டாம், "ஆமாப்பா, நானும் ஒரு வண்டியைப் பார்த்தேன்" என்பது நெருப்பில் எண்ணெய். "நீ பயந்துபோயிருக்கிறாய், அது எனக்குத் தெரிகிறது. தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று தூக்கத்தில், சாப்பாட்டில் தொடங்குங்கள். போனைப் பிடுங்குவதைவிட, இரவில் சாட்பாட் வேண்டாம், பகலில் சேர்ந்து பார்ப்போம் என்று பேசி ஒப்புக்கொள்ள வைப்பது நடக்கிற காரியம்.

டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், வீட்டுக்காரர்களே முதலில் அழைத்து எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொள்ளலாம். நேரில் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்று கூட்டிப் போங்கள், அது பொய்யும் அல்ல. டாக்டரிடம் 2-ம் படியில் சேமித்த உரையாடலைக் காட்டுங்கள். எந்தத் தேதியில் எப்படித் தொடங்கியது, பேச்சு எப்படி மாறியது என்று அதில் வரிசையாக இருக்கும். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதாகப் பேசினால் காலை வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.